சுவரை உடைக்கும் உரிமை: ஊவா லயங்களும் மிலான் வீடுகளும்

ஊவா மாகாணத்துப் பெரகல சந்தியில் வீதி இரண்டாகிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் ஏ4 வீதி கொஸ்லாந்தை, வெல்லவாய என்று கீழ்நோக்கி இறங்கிப் போகிறது. ஏ16 வீதி அங்கிருந்து பிரிந்து அப்புத்தளைக்கு ஏறி, பண்டாரவளையைத் தாண்டி ஹாலிஎல வரை செல்கிறது. எந்த வீதியில் போனாலும் தேயிலை மலைகளுக்கு நடுவே இரண்டு விதமான பழைய வீடுகள் கண்ணில் படும். குன்றின் நெற்றியில், பூஞ்செடிகளும் புல்தரையும் சூழத் துரை பங்களா. சரிவில், ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு வாசல்களோடு லயம். இரண்டும் ஒரே தோட்டத்தின் தேவைக்காக எழுந்தவை. மலையில் உடைத்த கருங்கல்லும் கப்பலில் வந்த தகரமும் இரண்டுக்கும் பொது. இன்று அந்தப் பங்களாக்களில் சில சொகுசு விடுதிகளாகிவிட்டன. பழைய கணப்படுப்பை அப்படியே விட்டு, புதிய குளியலறையை எப்படிச் சேர்த்தார்கள் என்று பயண இதழ்கள் படங்களோடு எழுதுகின்றன. லயத்துக்குள்ளும் நூறாண்டாகப் பழையதும் புதியதும் கலந்துகொண்டுதான் இருக்கின்றன. அதைப் பற்றி எழுதப்படுவது மிக அரிது.

வீட்டின் உள்ளமைப்பில் மரபையும் நவீனத்தையும் கலப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் ரசனையைச் சுற்றியே நடக்கிறது. எந்த நிறம், எந்த ஓடு, எந்த மரம், எவ்வளவு செலவு என்பவையே கேள்விகள். இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு என்பது என் எண்ணம். அந்தச் சுவர் யாருடையது? அதில் ஒரு வாசல் வெட்ட வேண்டுமானால் யாரைக் கேட்க வேண்டும்? ஊவா தோட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியின் கனம் தெரியாமல் போகலாம். ஆகவே, இந்தக் கலைக்குப் பெயர் போன இத்தாலியில் இருந்து தொடங்குகிறேன். அங்கும் அரண்மனைகளை விட்டுவிட்டுத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போக வேண்டும்.

மிலான் நகரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆலைத் தொழிலாளருக்காக ஒருவகை அடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. ரிங்கியேரா வீடுகள் என்று அவற்றுக்குப் பெயர். நடுவே ஒரு முற்றம். முற்றத்தைச் சுற்றி மூன்று நான்கு மாடிகள். ஒவ்வொரு மாடியிலும் இரும்புக் கம்பி அளி போட்ட நீண்ட திறந்த நடை. அந்த நடையை நோக்கி வரிசையாக வாசல்கள். ஒரு வாசலுக்குப் பின்னால் ஓர் அறை, மிஞ்சினால் இரண்டு. அந்த அறைக்குள்ளேயே சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம். கழிப்பறை நடையின் கோடியில், எல்லோருக்கும் பொதுவாக. தண்ணீர் முற்றத்தில். கிராமங்களில் இருந்து வந்தவர்களும், 1950களிலும் 60களிலும் தென் இத்தாலியில் இருந்து வேலை தேடி வந்தவர்களும் இவற்றை நிரப்பினார்கள். பாடகர் அட்ரியானோ செலென்தானோ 1938இல் பிறந்த குளுக் தெரு 14ஆம் இலக்க வீடு இவ்வகையைச் சேர்ந்தது. அந்தத் தெருவைப் பற்றி அவர் 1966இல் பாடிய பாட்டு இத்தாலியில் எல்லோருக்கும் தெரியும்.

லயத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இந்த வருணனையைக் கேட்டதும் தன் வீடு நினைவுக்கு வரும். நீண்ட நடை இருந்த இடத்தில் இஸ்தோப்பு. முற்றத்துக் குழாய்க்குப் பதில் பீலி. மாடிகளைக் கழித்து மலையைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

இன்று மிலானில் நவீலி கால்வாய்க் கரையிலும் இசோலா பகுதியிலும் உள்ள ரிங்கியேரா வீடுகள் விலையேறிக் கிடக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்கும் கட்டடக் கலைஞர்கள் ஏறத்தாழ ஒரே வழியைப் பின்பற்றுகிறார்கள். இரண்டு அறைகளுக்கு இடையிலுள்ள சுவரை உடைத்து ஒன்றாக்குகிறார்கள். மேல்தளத்து மர உத்தரங்களின் சுண்ணாம்பைச் சுரண்டி மரத்தை வெளியே தெரிய விடுகிறார்கள். பூவேலை செய்த பழைய சிமெந்து ஓடுகளைப் பெயர்த்தெடுத்துக் கழுவி, சமையலறைக்கோ நடைக்கோ மட்டும் திரும்பப் பதிக்கிறார்கள். உயரமான கூரையைப் பயன்படுத்தி இரும்புச் சட்டத்தில் ஒரு பரண் ஏற்றி, அதைப் படுக்கை ஆக்குகிறார்கள். கழிப்பறை உள்ளே வந்துவிடுகிறது. வெளி நடையை மட்டும் தொடுவதில்லை. அது பொதுச் சொத்து, தொடவும் கூடாது. அந்த நடையில் பூச்சட்டி வைத்து, நாற்காலி போட்டு உட்காருவதற்காகவே பலர் அந்த வீடுகளை வாங்குகிறார்கள்.

இந்த வழிமுறைக்குப் பின்னால் ஒரு சிந்தனை மரபு இருக்கிறது. 1964இல் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் எழுதிய வெனிஸ் சாசனம், பழைய கட்டடத்தில் சேர்க்கும் புதிய வேலை தன் காலத்தின் முத்திரையோடு தனித்துத் தெரிய வேண்டும் என்கிறது. பழையதைப்போல் போலி செய்யக் கூடாது என்பது அதன் சாரம். அதற்கு முன்பே கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா வெரோனா நகரின் காஸ்தெல்வெக்கியோ கோட்டையை அருங்காட்சியகமாக மாற்றும்போது இதைக் கையால் செய்து காட்டத் தொடங்கியிருந்தார். அங்கே அவர் போட்ட புதிய தரை பழைய சுவரைத் தொடுவதில்லை. சுவர் ஓரமாக ஒரு சிறு இடைவெளி ஓடுகிறது. சுவரின் வயது ஒன்று, தரையின் வயது வேறு என்று அந்த இடைவெளியே சொல்லிவிடுகிறது. தளபாடத்திலும் இதே பார்வை வேலை செய்தது. லிகூரியக் கரையில் கியாவரி என்ற சிற்றூரில் 1807 முதல் தச்சர்கள் செய்துவந்த மெல்லிய மர நாற்காலியைக் கட்டடக் கலைஞர் ஜியோ பொந்தி பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1957இல் காசினா நிறுவனம் வெளியிட்ட அவருடைய சூப்பர்லெஜெரா நாற்காலி அதன் வழித்தோன்றல். எடை 1.7 கிலோ. ஊர்த் தச்சரின் அறிவை மதித்து, அதிலிருந்து மிகையானதை எல்லாம் கழித்தபோது நவீனம் பிறந்தது.

இத்தாலிக்கும் இலங்கைக்கும் இடையே இந்த விஷயத்தில் நேரடியான ஒரு பாலமும் உண்டு. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா இளம் வயதில் இத்தாலியில் சுற்றித் திரிந்தவர். அங்கேயே ஏரிக்கரையில் ஒரு மாளிகை வாங்கிக் குடியேறிவிட ஆசைப்பட்டார். அது கைகூடவில்லை. 1948இல் பெந்தோட்டைக்கு அருகே கைவிடப்பட்ட இறப்பர்த் தோட்டம் ஒன்றை வாங்கி, அதை வெப்பமண்டலத்து இத்தாலியப் பூங்காவாக மாற்றத் தொடங்கினார். லுணுகங்கை அப்படிப் பிறந்தது. அந்த முயற்சிதான் அவரைக் கட்டடக் கலை படிக்க அனுப்பியது. ஆனால் நம் கேள்விக்கு லுணுகங்கையைவிட முக்கியமானது கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் அவர் உருவாக்கிய சொந்த வீடு. அந்த ஒழுங்கையில் வரிசையாக நான்கு சிறு வீடுகள் இருந்தன. 1958இல் அவற்றில் ஒன்றில் குடியேறிய பாவா, பத்தாண்டுக்குள் நான்கையும் தன்னுடையதாக்கி, இடைச் சுவர்களை உடைத்து ஒரே வீடாக்கினார். பழைய அறைகள் சில முற்றங்களாயின. செட்டிநாட்டில் கலைக்கப்பட்ட வீடுகளின் மரத்தூண்கள் அங்கே வந்து நின்றன. வெள்ளைச் சுவர், மேலிருந்து இறங்கும் வெளிச்சம், சிறு நீர்த்தொட்டி. மரபும் நவீனமும் கலந்த இலங்கை வீட்டுக்கு இன்று உலகம் காட்டும் முதல் உதாரணம் அந்த வீடுதான். அதன் மூலப்பொருள் ஒரு வரிசை வீடு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பாவாவுக்கு முன்னோடி மின்னெட் டி சில்வா. கண்டியில் 1918இல் பிறந்தவர். 1947இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டரில் நடந்த நவீன கட்டடக் கலைஞர்களின் உலக மாநாட்டில் கலந்துகொண்டவர். கண்டியில் அவர் கட்டிய கருணாரத்ன வீட்டில் கொங்கிரீற்றுத் தூணும் தும்பறைப் பாய் நெசவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கைவினைஞரை வீடு கட்டும் வேலைக்குள் அழைத்து வந்ததில் அவருக்கு நிகரில்லை. அவரைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஊவாவுக்குத் திரும்புவோம். பாவாவின் கை பட்ட இடம் இங்கேயும் ஒன்று உண்டு. பண்டாரவளை நல்லாயன் கன்னியர் மடத்துச் சிற்றாலயம் 1961, 62ஆம் ஆண்டுகளில் அவர் வடிவமைத்தது. கரடுமுரடான கருங்கற் சுவர், மேலிருந்து விழும் ஒளி, உள்ளே சிலுவைப் பாதைச் சித்திரங்களில் பார்பரா சன்சோனியின் கைவண்ணம். மலைநாட்டுக் கல்லைச் செதுக்கி மினுக்காமல் அப்படியே அடுக்கிய சுவர் அது. ஊவா லயங்களின் பழைய சுவர்களும் கருங்கல்லை அப்படித்தான் அடுக்கிக் கட்டப்பட்டன. கோயிலில் அழகாகத் தெரியும் அதே கல் லயத்தில் வறுமையின் அடையாளமாகத் தெரிகிறது. கல்லில் குற்றமில்லை. உள்ளே ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

பங்களாக்களின் கதை எளிது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷாம் மாளிகை இங்கிலாந்தின் கிராமத்து மாளிகையை மலை உச்சிக்குக் கொண்டுவந்த முயற்சி. வெட்டுக் கருங்கல்லும் பர்மாத் தேக்கும் கொண்டது. 1960களில் பெனடிக்டைன் துறவியர் மடமானது. நூலகமும் வரவேற்பறையும் பார்வையாளருக்குத் திறந்திருக்கின்றன; துறவிகள் செய்யும் ஜாமும் பழரசமும் வாங்கிவரலாம். மத்திய மலைநாட்டில் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் 2005 முதல் பழைய துரை பங்களாக்கள் சொகுசு விடுதிகளாகின. கந்தப்பளையில் கைவிடப்பட்ட ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் அதன் இரும்புச் சட்டகமும் சன்னல் வரிசையும் குலையாமல் ஹோட்டலாக மாறியது. ஊவாவிலும் அப்புத்தளையைச் சுற்றி அதே வழி. இவற்றில் பல வேலைகள் அழகானவை, கவனமானவை. கட்டடத்தைக் காப்பாற்றியதற்காக அவற்றை மதிக்கிறேன். என் குறை வேறிடத்தில் இருக்கிறது. புதுப்பித்தவர்கள் துரையின் வரவேற்பறையையும் கணப்படுப்பையும் மரபு என்று காத்தார்கள். பங்களாவின் பின்கட்டில் அப்பு நின்று சமைத்த கரி படிந்த சமையல்கட்டு, அவர் படுத்த ஒடுங்கிய அறை ஆகியவை பொதுவாக அந்தக் கணக்கில் வருவதில்லை. மரபு எது என்று தெரிந்தெடுக்கும்போது அங்கே வாழ்ந்தவர்களில் பாதிப் பேர் விடுபட்டுப் போகிறார்கள்.

லயத்துக்குள் வருவோம். காம்பரா எனப்படும் ஓர் அறையின் வழக்கமான அளவு ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஐந்தாறு அடி அகலத்தில் இஸ்தோப்பு. இரட்டை லயமாக இருந்தால் முதுகோடு முதுகு ஒட்டி மறுபக்கமும் இதே வரிசை. அப்போது பின்சுவரில் சன்னலுக்கே வழியில்லை. வரிசையின் கடைசியில் உள்ள தொங்கல் காம்பராவுக்கு எப்போதும் கிராக்கி. அதற்கு மட்டும் ஒரு பக்கச் சுவர் வெளியே பார்க்கும். அதில் சன்னல் வைக்கலாம். பக்கவாட்டில் ஒரு பத்தி இறக்கிக் குசினி போடலாம்.

இந்தச் சின்ன இடத்துக்குள் தலைமுறை தலைமுறையாக மக்கள் செய்த மாற்றங்களைக் கவனித்தால் அது ஒரு பெரிய வடிவமைப்பு வரலாறு. தொடக்கத்தில் சாணி மெழுகிய தரை, ஒரு மூலையில் அடுப்பு, அடுப்புக்கு மேலே விறகு காயும் பரண். கவ்வாத்து வெட்டிய மலையில் இருந்து சுமந்து வந்த தேயிலை மிலாறு அங்கே அடுக்கப்பட்டிருக்கும். புகை கூரைச் சட்டத்தைக் கறுப்பாக்கியது. கண்ணையும் நெஞ்சையும் கெடுத்தது. அதே புகைதான் மரத்தைப் பூச்சி அரிக்காமல் காத்தது. குளிர் இறங்கிய இரவுகளில் வீட்டார் அனைவரும் குந்தியிருக்கும் இடமும் அந்த அடுப்படியே. பிறகு சுவருக்குப் பத்திரிகைத் தாள் ஒட்டினார்கள். பழைய சேலையை நடுவே கட்டி மணமான மகனுக்கு ஒரு மறைவு செய்தார்கள். இஸ்தோப்பின் ஒரு பகுதியைப் பலகையாலோ தகரத்தாலோ அடைத்து, அடுப்பை அங்கே தள்ளினார்கள். உள்ளறை புகையில்லாமல் ஆனது. தரை சிவப்புச் சிமெந்தானது. கொழும்புக் கடைகளிலும் மத்திய கிழக்கு வீடுகளிலும் உழைத்த பிள்ளைகளின் பணம் வந்த பிறகு, சிவப்புச் சிமெந்தின் மேல் பளபளக்கும் டைல் வந்தது. கூரைக்குக் கீழே சீலிங் வந்தது. ஷோகேஸ் வந்தது, அதற்குள் கண்ணாடிக் கோப்பைகள், பள்ளிக்கூடத்தில் வாங்கிய கேடயம், பட்டமளிப்புப் படம். சாமிப் படத்துக்கு மேலே மின்விளக்கு.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் இவ்வளவையும் சாதித்தவர்கள் எந்தக் கட்டடக் கலைக் கல்லூரிக்கும் போனவர்கள் அல்லர். மிலானில் இரும்புச் சட்டத்தில் பரண் ஏற்றியவர் செய்ததும், இங்கே மூங்கிலும் பலகையும் கொண்டு பரண் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் செய்ததும் ஒரே சிந்தனை. உயரத்தை இடமாக்குவது அது. அங்கே அதற்கு விலை ஏறுகிறது. இங்கே அது நெரிசலின் சான்றாக அறிக்கைகளில் பதிவாகிறது. இரண்டும் உண்மைதான். நெரிசலை மறைத்து அழகு பேசுவது பாவம். அந்த நெரிசலுக்குள் வெளிப்பட்ட திறமையைக் காணாமல் விடுவதும் அநீதியே.

இஸ்தோப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொழுந்துக் கூடையும் படங்கும் தொங்கும் இடம் அது. மழையில் நனைந்து வருபவர் ஈரத்தோடு உள்ளே போகாமல் நிற்கும் இடம். வேலைக்குப் போக முடியாத பாட்டி நாள் முழுவதும் உட்கார்ந்து, எட்டு வீட்டுப் பிள்ளைகளின் மேல் ஒரு கண் வைத்திருக்கும் இடம். கல்யாணப் பேச்சும் அங்கே. இறந்தவரைக் கிடத்துவதும் அங்கே. கட்டடக் கணக்கில் அது வெறும் நடைபாதை. ஆனால் லயத்தில் பாதி வாழ்க்கை அதில்தான் நடக்கிறது. கச்சான் காற்று வீசும் ஆடி ஆவணியில் அப்புத்தளைக் கணவாய்ப் பக்கத்து லயங்களில் அது காற்றுத் தடுப்பாகவும் வேலை செய்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் சாரல் உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிறது. இந்த மலைக்கு ஏற்ற கட்டட உறுப்பு ஒன்றைச் சொல் என்று யாராவது கேட்டால், தயங்காமல் இஸ்தோப்பு என்பேன்.

அதே மூச்சில் இதையும் சொல்லியாக வேண்டும். அந்த இஸ்தோப்பில் மறைவு என்பது இல்லை. பக்கத்து வீட்டுச் சண்டை, குடி, அழுகை எல்லாம் சுவர் தாண்டி வரும். வளர்ந்த பெண் பிள்ளைகள் உடை மாற்ற இடம் தேடித் தவிப்பதை அந்த வாழ்க்கையை அறிந்த எவரும் சொல்வார்கள். ஆகவே தனி வீடு வேண்டும் என்று மலையக மக்கள் விடாமல் கேட்டது முற்றிலும் நியாயம். லயத்தை அப்படியே காப்பாற்றுங்கள் என்று சொல்ல வெளியாள் எவருக்கும் உரிமையில்லை. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்று 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக இருக்கிறது. சான்றுக்கு அப்படி ஓரிரண்டு லயங்கள் கல்லோடும் தகரத்தோடும் நிற்கட்டும். மற்றபடி சுவரைக் காப்பதில் எனக்கு அக்கறையில்லை. சுவருக்குள் மக்கள் கண்டுபிடித்தவற்றைக் காப்பதில்தான் இருக்கிறது.

இங்கேதான் தொடக்கத்தில் கேட்ட கேள்வி குறுக்கே வருகிறது. மிலானில் அறை வாங்கியவர் அடுத்த அறையையும் வாங்கி நடுச்சுவரை உடைக்கலாம். 33ஆம் ஒழுங்கையில் பாவா நான்கு வீட்டையும் வாங்கிவிட்டதால் உடைக்க முடிந்தது. லயத்தில் பக்கத்துக் காம்பரா காலியாகி, அண்ணன் தம்பி இருவர் அடுத்தடுத்து இருந்தாலும், நடுவே ஒரு கதவு வைக்கத் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். பத்தி இறக்கக் கேட்க வேண்டும். கேட்காமல் செய்தால் எப்போது இடிக்கச் சொல்வார்களோ என்ற பயம் கூடவே இருக்கும். அதனால்தான் லயத்து மாற்றங்களில் பெரும்பகுதி தகரமும் பலகையும் துணியுமாக, கழற்றி எடுக்கக்கூடியவையாக இருக்கின்றன. டைல் பதிப்பவர்கூடத் தன்னுடையதல்லாத தரையில்தான் பதிக்கிறார். அந்தத் துணிச்சலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இந்த நிலை தானாக வந்ததல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கணக்குப் போட்டு இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. இடையே 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. மண் அரசுடையது, நிர்வாகம் கம்பனியுடையது, உழைப்பு தொழிலாளருடையது. சுவருக்கு மட்டும் தொழிலாளர் பெயர் ஒருபோதும் வரவில்லை. நாளை கப்பலேற்றப்படலாம் என்ற நிலையில் இருந்தவர் எந்த நம்பிக்கையில் கல் வைத்துக் கட்டியிருப்பார்?

2015க்குப் பிறகு ஒரு திருப்பம் ஏற்பட்டது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது கொள்கையானது. இந்திய அரசின் உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றும் 550 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், குசினி, உள்ளேயே கழிப்பறை. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றில் முதல் தொகுதிக்கான அடிக்கல் 2024 பெப்ரவரியில்தான் நடப்பட்டது. 2025 அக்டோபரில் பண்டாரவளையில் நடந்த விழாவில் வீட்டு உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. பத்துக்குப் பன்னிரண்டில் இருந்து 550 சதுர அடிக்குப் போவது ஒரு குடும்பத்தின் வரலாற்றில் எவ்வளவு பெரிய நாள் என்பதை விளக்கத் தேவையில்லை. தாமதத்தையும் பற்றாக்குறையையும் பற்றிப் பேச நிறைய உண்டு. இங்கே நான் பேச வந்தது அந்த வீட்டின் உள்ளமைப்பை.

அந்த வரைபடம் இந்த மலைக்கென்று வரைந்ததாகத் தெரியவில்லை. சமவெளியில் எங்கேயும் கட்டலாம் போன்ற வீடு. குசினி எரிவாயு அடுப்பை எண்ணி வரைந்தது. மிலாறு எரியும் அடுப்புக்கு அதில் இடமில்லை. புகைபோக்கி இருந்தாலும் பெயருக்குத்தான். குடிபோனவர்கள் சில மாதங்களில் பின்பக்கம் நான்கு தடி நட்டுத் தகரம் போட்டு விறகடுப்பை அமைத்துக்கொள்கிறார்கள். பார்ப்பவர்கள் சிலர் இதைப் பழைய பழக்கம் போகவில்லை என்பார்கள். 2022இல் நாடு முழுவதும் எரிவாயு இல்லாமல் கொழும்பு மாடி வீட்டார் தவித்தபோது, அந்தப் பின்பக்கத்துத் தகரக் கொட்டில்தான் சோறு பொங்கியது. குளிருக்கும் அதுதான் துணை. கருங்கற் சுவரைவிட மெல்லிய சிமெந்துக் கற்சுவர் இரவில் விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது. முன்னால் சிறு விறாந்தை இருந்தாலும் அது அந்த ஒரு வீட்டோடு நின்றுவிடுகிறது. வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை யார் பார்வையில் விட்டுப் போவது என்பது புதிய வீட்டில் புதிய சிக்கல்.

பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் முந்தியது என்பதை இந்தப் பக்கத்து மக்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பெரகலவில் இருந்து கீழிறங்கினால் கொஸ்லாந்தைக்கு மேலே மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை அங்கே லயங்களை மலை மூடியது. ஆபத்து என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்த இடம். வேறு வீடு கொடுக்கப்படாததால் மக்கள் அங்கேயே இருந்தார்கள். தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் சரிவில் ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. மண் சரிவு பற்றிய அந்தக் கவனம் உள்ளமைப்பு பற்றிய கவனத்தை விலக்கிவிட வேண்டியதில்லை என்பதே என் வாதம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் பார்க்கலாம்.

மின்னெட் டி சில்வாவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேன். 1950களின் பிற்பகுதியில் கண்டிக்கு அருகே வட்டபுளுவவில் அரச ஊழியர்களுக்கான வீட்டுத் திட்டத்தை அவரிடம் ஒப்படைத்தார்கள். வரைவதற்கு முன்னால் அவர் குடிவரப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். குடும்பத்தில் எத்தனை பேர், எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படி வழிபடுகிறீர்கள், எவ்வளவு செலவழிக்க முடியும் என்ற வகையான கேள்விகள். வெவ்வேறு இனத்தவரும் மதத்தவரும் இருந்தார்கள். விடைகளில் இருந்து சில அடிப்படை வகைகளை உருவாக்கி, ஒவ்வொரு குடும்பமும் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள இடம் விட்டார். உலகம் இதைப் பங்கேற்பு வடிவமைப்பு என்று பெயரிட்டுப் பாராட்டத் தொடங்கியது பின்னாளில். மலைநாட்டின் தலைவாசலில் எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த காரியம் இது. தோட்டத்துக்கு வரவில்லை என்பதுதான் துயரம்.

இனி கட்டப்படும் வீடுகளுக்கு அது வரலாம். ஒரு வீட்டுக்கு இப்போது 28 இலட்சம் ரூபா ஒதுக்குகிறார்கள். வரைவதற்கு முன் ஒவ்வொரு தோட்டத்திலும் கொழுந்து எடுக்கும் பெண்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். ஈரப் படங்கை எங்கே கழற்றுவீர்கள்? மிலாறு எங்கே காய வேண்டும்? பாட்டி எங்கிருந்து பிள்ளைகளைப் பார்ப்பார்? வீட்டில் சாவு விழுந்தால் உடலை எங்கே வைப்பீர்கள்? இதற்கு வரும் விடைகளில் இருந்து, அடுத்தடுத்த இரண்டு மூன்று வீடுகளின் முன்னால் கூரை தொடரும் ஆறடி இஸ்தோப்பு பிறக்கலாம். நடுவே கதவு இருக்கட்டும். திறப்பதும் மூடுவதும் அவர்கள் விருப்பம். பின்னால் உண்மையாகப் புகை இழுக்கும் புகைபோக்கியோடு விறகடுப்புக்குச் சுவர் எழுப்பிய இடமும், எரிவாயு அடுப்புக்கு உள்ளே மேடையும் ஒன்றாகவே இருக்கலாம். இடிக்கும் பழைய லயத்தின் கருங்கல்லைக் குழியில் கொட்டாமல் அடித்தளத்துக்கும் முன்கட்டுச் சுவருக்கும் எடுத்துக்கொள்ளலாம். கூரையை ஒரு பரணைத் தாங்கும் உயரத்துக்கு ஏற்றினால், வளரும் குடும்பத்துக்கு மூன்றாவது அறை மேலே கிடைக்கும். இவை எதுவும் பெரிய செலவுள்ளவை அல்ல. ஊர் மேசன்மாருக்குத் தெரிந்த வேலைகள்.

இவற்றோடு ஒரு தாளும் வேண்டும். காணி உறுதி குடும்பத்தின் பெயரில், கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும். வீட்டின் வரைபடப் பிரதி ஒன்றை அதனுடன் சேர்த்துக் கையில் கொடுக்க வேண்டும். எந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறது, எந்தச் சுவரை அவர்கள் எவரையும் கேட்காமல் எடுக்கலாம், எந்தப் பக்கம் எத்தனை அடி வரை வீட்டை நீட்டலாம் என்று அதில் தமிழில் குறித்திருக்க வேண்டும்.